நன்னீரில் வாழும் எளிய விலங்குகளில் செல்கள் செய்தி பரிமாறும் விதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த விலங்குகளைப் பற்றியவை இந்தக் கேள்விகள்?

பெரும்பாலும் ஹைட்ராவைப் பற்றியவை. குளம், குட்டை, மெல்ல ஓடும் ஓடை ஆகியவற்றில் நீர்த்தாவரங்களின் மீது ஒட்டிக்கொண்டு வாழும் இந்தக் குழியுடலி சில மில்லிமீட்டர் நீளமே உடையது. ஒரு முனையில் ஒட்டும் பாதம், மறுமுனையில் வாயும் அதைச் சுற்றி உணர்நீட்சிகளும், நடுவே உள்ளீடற்ற குழாய் போன்ற உடல். இவ்வளவுதான் அதன் அமைப்பு. புறப்படை, அகப்படை என்னும் இரண்டே செல் அடுக்குகளும், அவற்றுக்கு இடையில் மீசோகிளியா என்னும் மெல்லிய கூழ்ப்படலமும் சேர்ந்து அந்தக் குழாயின் சுவராகின்றன. மூளை, இரத்தம், இதயம் எதுவும் அதற்கு இல்லை. ஹைட்ராவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, நரம்பே இல்லாத நன்னீர்ப் பஞ்சுயிரிகளும், சிறிய மூளை உடைய பிளனேரியா என்னும் தட்டைப்புழுவும் பின்னர் வருகின்றன.

இவ்வளவு எளிய உடலில் செல்கள் செய்தி பரிமாற வேண்டிய தேவை என்ன?

ஹைட்ராவின் உடல் பார்வைக்கு அசையாத குழாய் போலத் தோன்றினாலும், அதன் செல்கள் ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. உடலின் நடுப்பகுதியில் உள்ள செல்கள் சில நாட்களுக்கு ஒரு முறை பிரிந்துகொண்டே இருக்கின்றன. புதிதாகத் தோன்றும் செல்கள் பழையவற்றை இரு முனைகளை நோக்கியும் தள்ளுகின்றன, உணர்நீட்சிகளின் நுனியையோ பாதத்தையோ அடைந்தவை உதிர்ந்துவிடுகின்றன. நடுவுடலில் தோன்றிய ஒரு செல், நகர்ந்து வாயருகே வந்ததும் வாய்ப்பகுதிச் செல்லாகவும், உணர்நீட்சிக்குள் நுழைந்ததும் கொட்டும் செல்களைத் தாங்கும் செல்லாகவும் மாற வேண்டும்.

தான் இப்போது எங்கே இருக்கிறோம் என்பதை ஒவ்வொரு செல்லும் ஓயாமல் அறிந்துகொள்ளாவிட்டால், சில வாரங்களிலேயே தலை எது, பாதம் எது என்ற வேறுபாடு கலைந்துபோகும். அந்த அறிவு செல்லுக்குள் எழுதி வைக்கப்பட்டதன்று. அண்டைச் செல்களிடமிருந்து நொடிதோறும் வந்து சேர்வது. நம் உடலில் கருவளர்ச்சியின்போது மட்டும் தீவிரமாக நடக்கும் இந்த உரையாடல் ஹைட்ராவில் வாழ்நாள் முழுவதும் நடக்கிறது என்பதால்தான், செல் தொடர்பைக் கற்க விரும்பும் எவருக்கும் ஹைட்ராவையே முதலில் காட்ட வேண்டும் என்று கருதுகிறேன்.

செய்தி எந்தெந்த வழிகளில் போகிறது?

அடுத்தடுத்த செல்களின் சவ்வுகளை இணைக்கும் நுண்துளைகள் வழியே அயனிகளும் சிறு மூலக்கூறுகளும் நேரடியாகக் கடக்கின்றன. ஒரு செல் சுரக்கும் புரதம் அருகிலுள்ள செல்களின் ஏற்பிகளில், அதாவது செய்தியைப் பெறும் புரதங்களில், போய்ப் படிகிறது. ஒரு செல்லின் மேற்பரப்பிலேயே நிலைத்திருக்கும் புரதம், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் செல்லுக்கு மட்டும் கட்டளை தருவதும் உண்டு. இவற்றோடு நரம்புச் செல்கள் வெளியிடும் பெப்டைடுகள் என்னும் குறும் புரதத் துண்டுகளும் சேர்கின்றன. இந்த வழிகள் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. ஒரே நிகழ்ச்சியில் இரண்டு மூன்று வழிகள் சேர்ந்தே இயங்கும்.

நரம்புகள்தானே முக்கியமான தொடர்புப் பாதை?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஹைட்ரா அந்த எண்ணத்தைத் திருத்துகிறது. 1970களில் ரிச்சர்ட் கேம்பெல் என்னும் ஆய்வாளர், ஹைட்ராவை கோல்ச்சிசின் என்னும் வேதிப்பொருளில் வைத்து, அதன் இடைச்செல்களை மட்டும் அழிக்கலாம் என்று கண்டார். நரம்புச் செல்களும் கொட்டும் செல்களும் இந்த இடைச்செல்களிலிருந்தே தோன்றுகின்றன. ஆகவே, இருந்த நரம்புச் செல்கள் காலப்போக்கில் உதிர்ந்த பிறகு, அவற்றின் இடத்தை நிரப்பப் புதியவை வருவதில்லை. முடிவில் மிஞ்சுவது ஏறத்தாழ புறப்படை, அகப்படை ஆகியவற்றின் சுவரைக் கட்டும் எபிதீலியச் செல்களின் இரண்டு அடுக்குகள் மட்டுமே கொண்ட ஒரு விலங்கு.

அந்த விலங்கு தானாக அசைவதில்லை, இரை பிடிப்பதில்லை, வாயையும் தானாகத் திறப்பதில்லை. ஆய்வாளர் ஒவ்வொரு முறையும் வாய்க்குள் இரையைத் திணித்து ஊட்ட வேண்டும். உடற்குழியில் நீர் தேங்கி வீங்கும்போது அதையும் வெளியேற்ற வேண்டும். ஆனால் அப்படிப் பேணப்பட்டால் அது வளர்கிறது, மொட்டு விடுகிறது, வெட்டினால் இழந்த தலையை மீண்டும் உருவாக்குகிறது. அதன் தலையும் பாதமும் இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கின்றன. கிள்ளினால் உடலைச் சுருக்கவும் செய்கிறது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முடிவு தெளிவானது: நடத்தைக்கு நரம்பு வேண்டும், உடலின் வடிவத்துக்கு வேண்டியதில்லை. வடிவத்தைக் காக்கும் செய்திகள் எபிதீலியச் செல்களுக்குள்ளேயே ஓடுகின்றன.

எபிதீலியச் செல்களுக்கு இடையே செய்தி கடக்கும் துளைகள் எப்படிப்பட்டவை?

அவற்றை இடைவெளி இணைப்புகள் என்பார்கள். ஒட்டியிருக்கும் இரு அறைகளின் பொதுச்சுவரில் துளையிட்டது போல, இரண்டு செல்களின் சவ்வுகளையும் ஒரே நேரத்தில் ஊடுருவி நிற்கும் புரதக் குழாய்கள் அவை. நம் உடலில் இந்தக் குழாய்களைக் கட்டும் புரதங்கள் கனெக்சின்கள். ஹைட்ராவிலும் பூச்சிகளிலும் புழுக்களிலும் அதே வேலையைச் செய்பவை இன்னெக்சின்கள். புரதக் குடும்பம் வேறானாலும் வேலை ஒன்றே.

இந்தத் துளைகள் மின்தூண்டலை மட்டும் கடத்துவதில்லை என்பதற்கு 1987இல் வெளியான ஒரு சோதனை நல்ல சான்று. இடைவெளி இணைப்புப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளை ஹைட்ராவின் செல்களுக்குள் செலுத்தியபோது, செல்லிலிருந்து செல்லுக்குச் சாயம் பரவுவது தடைப்பட்டது. அதோடு, உடலில் வேறு தலை முளைக்காமல் தடுக்கும் ஆற்றலும் அந்தத் திசுவில் குறைந்தது. முந்தைய கேள்வியில் கண்ட நரம்பற்ற ஹைட்ரா தன் வடிவத்தை எப்படிக் காக்கிறது என்பதற்கு இது ஒரு பகுதி விடையாகிறது.

தலை எங்கே அமைய வேண்டும் என்பதை எந்தச் செய்தி முடிவு செய்கிறது?

இந்தக் கேள்விக்கான முதல் உறுதியான விடையை 1909இல் எத்தல் பிரவுன் என்னும் ஆய்வாளர் தந்தார். சில ஹைட்ராக்களின் அகப்படைச் செல்களுக்குள் பச்சைப் பாசிகள் வாழ்வதால் அவை பச்சையாக இருக்கும். பாசி நீக்கப்பட்டவை வெண்மையாக இருக்கும். பிரவுன் ஒரு ஹைட்ராவின் வாய்ப்பகுதியிலிருந்து சிறு துண்டை வெட்டி, வேறு நிற ஹைட்ராவின் விலாப்புறத்தில் ஒட்டினார். அந்த இடத்தில் ஒரு புதிய ஹைட்ரா உடல் கிளைத்தது. நிறங்களைப் பார்த்தபோது, கிளைத்த உடலின் பெரும்பகுதி ஒட்டப்பட்ட துண்டிலிருந்து வளராமல், ஏற்றுக்கொண்ட விலங்கின் செல்களால் ஆகியிருந்தது தெரிந்தது. அதாவது, சில செல்கள் தம் அண்டைச் செல்களின் தலைவிதியை மாற்றி எழுதின. நிற வேறுபாட்டைச் சாட்சியாக்கிய அந்த எளிய உத்தி இன்றும் வியக்கத்தக்கது. நீர்நில வாழ்விகளின் கருவில் இதே ஆற்றலைக் காட்டி ஸ்பீமன், மாங்கோல்டு என்னும் ஆய்வாளர்கள் புகழ்பெற்ற ஆய்வு வெளிவந்தது 1924இல். பிரவுனின் சோதனை அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முந்தியது.

அந்த வாய்ப்பகுதிச் செல்கள் அனுப்பும் செய்தியின் வேதி அடையாளம் தெரியவர நூற்றாண்டின் இறுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விண்ட் என்னும் சுரப்புப் புரதம் ஹைட்ராவின் தலை உச்சியில் உருவாகிறது என்று 2000இல் காட்டப்பட்டது. விண்ட் புரதம் அண்டைச் செல்லின் ஏற்பியில் படிந்ததும், அந்தச் செல்லுக்குள் பீட்டா-கேட்டினின் என்னும் புரதம் சிதைக்கப்படாமல் சேர்கிறது. சேர்ந்தது உட்கருவுக்குள் போய், தலைக்குரிய மரபணுக்களை இயக்குகிறது. சாதாரணமாக பீட்டா-கேட்டினினைச் சிதைவுக்கு அனுப்பி வைப்பது ஜி.எஸ்.கே-3 என்னும் நொதி. அந்த நொதியைத் தடுக்கும் அல்ஸ்டர்பாலோன் என்ற பொருளில் ஹைட்ராவை வைத்தால், உடல் முழுவதும் தலைத்தன்மை பெற்று, குழாயின் எல்லாப் பக்கங்களிலும் உணர்நீட்சிகள் முளைக்கின்றன. இதை நுண்ணோக்கியில் பார்ப்பவருக்கு, ஒரே ஒரு செய்தி எல்லா இடத்துக்கும் போய்விட்டால் என்ன ஆகும் என்பது சொல்லாமலே விளங்கும்.

அப்படியானால் சாதாரண ஹைட்ராவில் ஏன் ஒரே தலை?

தலை தன்னை ஊக்குவிக்கும் செய்தியோடு, பிற இடங்களில் தலை முளைக்காதபடி தடுக்கும் செய்தியையும் அனுப்புகிறது. ஒட்டுச் சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. தலைக்குச் சற்றுக் கீழுள்ள பகுதியிலிருந்து எடுத்த துண்டை மற்றொரு ஹைட்ராவின் தலைக்கு அருகே ஒட்டினால் அது பெரும்பாலும் அடங்கிக் கரைந்துவிடுகிறது. தலையிலிருந்து தொலைவில் ஒட்டினாலோ, ஏற்கும் விலங்கின் தலையை முதலில் வெட்டிவிட்டாலோ, புதிய தலையாகிறது.

1972இல் ஆல்ஃபிரட் கீரரும் ஹான்ஸ் மைன்ஹார்ட்டும் இதற்குக் கணித வடிவம் தந்தார்கள். தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும், ஆனால் குறுந்தொலைவே எட்டும் ஓர் ஊக்கி. அந்த ஊக்கியாலேயே உண்டாகி, நெடுந்தொலைவு பரவும் ஒரு தடுப்பி: இந்த இரண்டும் இருந்தால் போதும், ஒரே சீரான திசுவில்கூட ஓரிடம் மட்டும் உச்சமாகத் திரண்டு நிற்கும் என்று அவர்கள் நிறுவினார்கள். விண்ட் அந்த ஊக்கியின் பண்புகளோடு பொருந்துகிறது. தடுப்பிகளில் ஒன்றாக எஸ்.பி.5 என்னும் புரதம் 2019இல் இனங்காணப்பட்டது. விண்ட் செய்தியால் தூண்டப்படும் இந்தப் புரதமே, விண்ட் வகைகளில் ஒன்றான விண்ட்3இன் மரபணுவை அடக்குகிறது. அதன் அளவைக் குறைத்தால் ஹைட்ராவுக்குப் பல தலைகள் தோன்றுகின்றன. ஆனால் எஸ்.பி.5 செல்லின் உட்கருவில் வேலை செய்யும் புரதம் என்பதால், செல்களைக் கடந்து பரவும் தடுப்புச் செய்தியின் முழு விளக்கமாக அதை மட்டும் கொள்வது சரியாகாது.

செல்களை முழுவதும் பிரித்துப் போட்டால் செய்திப் பரிமாற்றம் அழிந்துவிடாதா?

அழிகிறது, பிறகு மீண்டும் தோன்றுகிறது. ஹைட்ராவைத் தனித்தனிச் செல்களாகக் கலைத்து, மெல்லச் சுழற்றி ஒன்றுசேர்த்தால், முதலில் உருவமற்ற உருண்டை ஒன்று கிடைக்கிறது. அதில் புறப்படைச் செல்கள் வெளியேயும் அகப்படைச் செல்கள் உள்ளேயும் தாமாகப் பிரிந்து அமைகின்றன, உருண்டை உள்ளீடற்றதாகிறது, சில நாட்களில் அதன் மேல் பல தலைகள் முளைத்து, முடிவில் தனித்தனி ஹைட்ராக்கள் பிரிகின்றன. கீரரின் குழு இதை 1972இல் விவரித்தது. ஐந்து முதல் பதினைந்து வரையிலான தலைச்செல்களின் சிறு கூட்டமே, அத்தகைய உருண்டையில் ஒரு புதிய தலையின் மையமாவதற்குப் போதும் என்று பின்னர் அறியப்பட்டது. பழைய உடலின் வரைபடம் எதுவும் அந்த உருண்டையில் மிஞ்சியிருக்கவில்லை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

வெட்டுப்பட்ட இடத்தில் முதல் செய்தியை அனுப்புவது எது?

ஹைட்ராவை வெட்டினால் இரு துண்டுகளும் முழு விலங்காகும் என்பதை 1740களில் ஆபிரகாம் டிரெம்ப்ளே கண்டறிந்து, 1744இல் நூலாக வெளியிட்டார். உடலின் நடுவில் வெட்டும்போது நடப்பதைப் பற்றி 2009இல் எதிர்பாராத ஒரு விவரம் தெரியவந்தது. தலையை மீட்க வேண்டிய துண்டின் வெட்டுமுனையில் பல செல்கள் திட்டமிட்ட இறப்புக்கு உள்ளாகின்றன; இறந்துகொண்டிருக்கும் அந்தச் செல்களே விண்ட்3 புரதத்தை வெளியிட்டு, அருகிலுள்ள செல்களைப் பிரியுமாறு தூண்டுகின்றன. செல் இறப்பைத் தடுத்தால் தலை மீளவில்லை. இறப்பைத் தடுத்துவிட்டு வெளியிலிருந்து விண்ட்3 கொடுத்தால் மீள்கிறது. பாதத்தை மீட்க வேண்டிய துண்டில் இந்த அளவுக்குச் செல் இறப்பு நடப்பதில்லை.

இரை வந்திருப்பது வாய்க்கு எப்படித் தெரிகிறது?

டாப்னியா போன்ற ஒரு சிறு நீர்வாழி உணர்நீட்சியில் மோதியதும், கொட்டும் செல்கள் தம் நூல்களைப் பாய்ச்சி அதன் உடலைத் துளைக்கின்றன. அந்தத் துளைகளிலிருந்து கசியும் உடல்நீரில் குளூட்டாதயோன் என்னும் சிறு மூலக்கூறு இருக்கிறது. அதை உணர்ந்ததும் உணர்நீட்சிகள் வாயை நோக்கி வளைகின்றன, வாய் விரிந்து திறக்கிறது. இரையே இல்லாமல், நீரில் சிறிதளவு குளூட்டாதயோன் கலந்தாலே ஹைட்ரா வாயைத் திறக்கிறது என்பதை 1955இல் டபிள்யூ. எஃப். லூமிஸ் காட்டினார். இரையின் காயம் வெளியிடும் பொருளையே உணவுக்கான அறிவிப்பாகக் கொள்வதால், ஒரு சருகு மோதியதற்காக ஹைட்ரா வாய் திறப்பதில்லை.

கொட்டும் செல்கள் யாரிடமும் கேட்காமல் இயங்குகின்றனவா?

தனித்து இயங்கவும் வல்லவை. ஆனால் நரம்புச் செல்கள் அவற்றின் விழிப்பைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன. பிரகாசமான ஒளியில் அவை பாய்வது குறைகிறது என்று 2012இல் காட்டப்பட்டது. ஒளியை உணரும் நரம்புச் செல்கள் அவற்றோடு இணைந்திருப்பதே காரணம்.

மூளையில்லாத நரம்பு வலை உடலை எப்படி இயக்குகிறது?

ஹைட்ராவின் நரம்புச் செல்கள் சில நூறு முதல் சில ஆயிரம் வரை இருக்கும். அவை மையம் ஏதுமின்றி உடல் முழுவதும் வலையாகப் பரவியுள்ளன. நரம்புச் செல் இயங்கும்போது அதனுள் கால்சியம் சேரும்; அப்போது ஒளிரும் புரதத்தை அந்தச் செல்களில் உருவாக்கி, கிறிஸ்டோஃப் டியூப்ரேயும் ரஃபேல் யூஸ்டேயும் 2017இல் முழு வலையின் செயல்பாட்டையும் உயிருள்ள விலங்கில் பதிவு செய்தார்கள். அப்போது அது ஒரே வலையன்று, ஒன்றோடொன்று செல்களைப் பகிராத பல வலைகள் என்று தெரிந்தது. ஒரு வலை உடலை நீளவாக்கில் சுருக்குகிறது. ஒன்று ஒளிக்கு எதிர்வினையாக உடல் நீளும்போது செயல்படுகிறது. மற்றொன்று உடலைக் குறுக்குவாக்கில் இறுக்குகிறது. உணர்நீட்சிகளுக்குக் கீழே உள்ள ஒன்று உடல் சாய்ந்தாடும்போது இயங்குகிறது.

ஒரு வலைக்குள் செல்கள் சேர்ந்து இயங்குவதில் முன்பு கண்ட இடைவெளி இணைப்புகளுக்கும் பங்குண்டு. வேதித் தொடர்பிலோ பெப்டைடுகளே மிகுதி. ஆர்.எஃப். அமைடு வகைப் பெப்டைடுகள் ஹைட்ராவில் அயனிக் கால்வாய்களை நேரடியாகவே திறக்கின்றன. பெப்டைடு என்றாலே மெதுவான செய்தி என்ற பொதுக்கருத்துக்கு இது மாறானது.

மொட்டு தாய் உடலிலிருந்து பிரிவதற்கும் செய்தி தேவையா?

தேவை. தாயின் உடலில் முளைத்துப் புதிய ஹைட்ராவாக வளர்வதே மொட்டு. அதன் அடியில் தாய்த்திசுவுக்கும் சேய்த்திசுவுக்கும் இடையே கூர்மையான எல்லை வகுக்கப்பட வேண்டும். இங்கே உதவுவது, தொட்டுக்கொண்டிருக்கும் செல்களுக்கு இடையே மட்டும் இயங்கும் நாட்ச் என்னும் செய்திமுறை. அதைத் தடுக்கும் பொருளில் வைத்தால், மொட்டு முழுமையாக வளர்ந்தும் பிரியாமல் தாயுடன் ஒட்டியே நிற்கிறது.

நரம்பே இல்லாத பஞ்சுயிரிகளில் உடல் ஒத்திசைந்து இயங்குமா?

இயங்குகிறது, மெதுவாக. எஃபிடேஷியா என்னும் நன்னீர்ப் பஞ்சுயிரியின் நீர்ப்பாதைகளில் துகள்கள் அடைந்தாலோ அதைக் குலுக்கினாலோ, அதன் உடல் முதலில் உப்பி, பிறகு சுருங்கி, நீரோடு கழிவையும் வெளியே தள்ளுகிறது. தும்மலை ஒத்த இந்தச் செயல் முடியப் பல நிமிடங்கள் ஆகும். குளூட்டமேட் அதைத் தூண்டுகிறது, காபா அதைத் தடுக்கிறது; இவை இரண்டும் நம் மூளையில் முறையே தூண்டலுக்கும் அடக்கத்துக்கும் பயன்படும் அதே மூலக்கூறுகள். நீர் வெளியேறும் வாயின் உட்புறத்தில் உள்ள, மயிர் போன்ற குற்றிழைகள் நீரோட்டத்தின் மாற்றத்தை உணர்கின்றன. அந்த வாயை நீக்கினால் தும்மலும் நின்றுபோகிறது.

ஸ்பாஞ்ஜில்லா என்னும் மற்றொரு நன்னீர்ப் பஞ்சுயிரியின் செல் வகைகளை 2021இல் ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, உணவு பிடிக்கும் கழுத்துப்பட்டைச் செல்களின் அறைகளுக்குள் கைகளை நீட்டி நிற்கும், சுரப்புப் பைகள் நிறைந்த செல்கள் காணப்பட்டன. நரம்புச் செல்களில் செய்தியை வெளியிட உதவும் மரபணுக்களில் சில அவற்றில் இயங்குகின்றன. இவற்றை நரம்பு என்று அழைக்க எனக்கு உடன்பாடில்லை. நரம்பின் கருவிகள் நரம்புக்கு முன்பே இருந்தன என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே நேர்மை.

பிளனேரியாவிலும் தலையைத் தீர்மானிப்பது விண்ட்தானா?

அதே செய்திதான், திசை மட்டும் நேர்மாறு. பிளனேரியாவில் விண்ட் வால்புறத்தில் மிகுந்திருக்கிறது. அது குறையும் இடத்தில்தான் தலை உருவாகிறது. 2008இல் வெளியான ஆய்வுகளின்படி, பீட்டா-கேட்டினின் மரபணுவை அடக்கிவிட்டு வாலை வெட்டினால், வெட்டிய இடத்தில் வாலுக்குப் பதிலாக மற்றொரு தலை முளைக்கிறது. இடைவெளி இணைப்புகளைத் தற்காலிகமாக அடைத்து, நரம்பு வடத்தையும் துண்டித்தால், அப்போதும் இருதலைப் புழுக்கள் கிடைக்கின்றன. வடிவத்தைக் காப்பதில் நரம்புக்குப் பங்கில்லை என்று ஹைட்ராவை வைத்துச் சொன்னதைப் பிளனேரியாவுக்கு அப்படியே நீட்டக் கூடாது என்பதும் இதனால் தெரிகிறது.

உடலில் வாழும் பாக்டீரியாக்களும் இந்த உரையாடலில் சேருமா?

சேர்கின்றன. ஹைட்ராவின் நரம்புச் செல்கள் சுரக்கும் ஒரு பெப்டைடு, அதன் மேற்பரப்பில் எந்தப் பாக்டீரியா எங்கே வாழலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. மறுபுறம், பாக்டீரியாக்களை முற்றிலும் நீக்கிய ஹைட்ரா, வழக்கத்தைவிடக் குறைவான தடவைகளே தானாகச் சுருங்குகிறது.

இவற்றில் எதையாவது கருவிகள் இல்லாமல் நேரில் பார்க்க முடியுமா?

ஒரு கைவில்லை இருந்தால் சிலவற்றைப் பார்க்கலாம். தேங்கிய நன்னீரிலிருந்து நீர்த்தாவரங்களோடு ஒரு கண்ணாடிக் குடுவையை நிரப்பி, அசைக்காமல் வைத்தால், ஹைட்ராக்கள் இருப்பின் அவை மெல்ல நீண்டு, வெளிச்சம் படும் பக்கத்துக் கண்ணாடியில் ஒட்டியிருப்பதைக் காணலாம். ஒன்றை மெல்லிய குச்சியால் தொட்டால், தொட்ட இடம் மட்டுமல்லாமல் உடல் முழுவதும் உருண்டையாகச் சுருங்கும். தொடாமல் பல நிமிடங்கள் பார்த்திருந்தாலும், இடையிடையே அது தானாகவே சுருங்கி நீள்வது தெரியும். சுருக்கு வலை இயங்குகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

கூரிய கத்தியால் ஒன்றை நடுவே வெட்டி, இரு துண்டுகளையும் குளோரின் கலவாத தூய நீரில் தனித்தனியே வைத்தால், இரண்டு மூன்று நாட்களில் கீழ்த்துண்டின் மேல்விளிம்பில் சிறு புடைப்புகள் வட்டமாகத் தோன்றும். அவைதான் புதிய உணர்நீட்சிகள். செம்பு கலந்த நீர் ஹைட்ராவுக்குக் கொடிய நஞ்சு என்பதால், செம்புப் பாத்திரத்தில் வைத்த நீரை மட்டும் பயன்படுத்த வேண்டாம்.